தம்பி வளர்த்த சிவப்பு

யுவ வருஷம் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள், 1936 ஏப்ரலின் தொடக்கத்தில், என் தம்பி சென்னையிலிருந்து வீட்டுக்குத் திரும்பினான். உத்திரத்தன்றே வந்தான் என்று என் மனைவி சாதிப்பாள். இல்லை. உத்திரத்தன்று நான் காவடிக் கூட்டத்தோடு நடந்துவிட்டு வந்து, மறுநாள் பாதம் கொப்பளித்துக் கட்டிலில் கிடந்தேன். அப்போதுதான் சேலம் பஸ் அவனைப் புதுச்சத்திரத்தில் இறக்கிவிட்டதாக ஆள் வந்து சொன்னான். செருப்புப் போட முடியாமல் வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு போய் அவன் பெட்டியைத் தூக்கினேன். பெட்டி கனக்கவில்லை. அவன் தோளில் கை போட்டபோது எலும்பு தட்டுப்பட்டது.

நுரையீரலில் நோய். ஊர்க்காற்று, பால், முட்டை, ஓய்வு என்று சென்னை டாக்டர் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார். அங்கே ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் உதவியாளனாக இருந்தான். எங்கள் வகையறாவில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவன்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்று காட்டைப் பார்த்துக்கொண்டவன். கையில் கிடைத்த புத்தகமெல்லாம் படிப்பேன், நடந்ததை நாள் நட்சத்திரத்தோடு நினைவில் வைப்பேன், அவ்வளவுதான்.

பெட்டிக்குள் சட்டையில் சுற்றி ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. வாய் பஞ்சால் அடைத்திருந்தது. உள்ளே சாய்வாக உறைந்த கூழ் போன்ற ஒன்றின் மேல், பவழத்தை இழைத்துத் தடவியது போல ஒரு கோடு.

"என்றா இது, குங்குமமா?" என்றேன்.

"உசுருங்ணா. ஈஸ்ட்டு."

கள்ளைப் பொங்க வைப்பதும் ரொட்டியை உப்ப வைப்பதும் ஈஸ்ட் என்று நான் படித்திருந்தேன். இது அந்தக் குடும்பத்தில் வேறொரு பிள்ளை. எதையும் புளிக்க வைக்காது. தன் போக்கில் வளர்ந்து சிவக்கும், அவ்வளவுதான். அந்தச் சிவப்பைப் பிரித்தெடுத்தால் நெய்க்கும் மிட்டாய்க்கும் கெடுதல் இல்லாத நிறம் கொடுக்கலாம் என்பது அவனுடைய பேராசிரியரின் எண்ணம். ஆனால் கிடைத்த நிறம் மிகக் கொஞ்சம். எந்தச் சூட்டில், எந்தத் தீனியில், எவ்வளவு காற்றில் வளர்த்தால் அதிகம் சிவக்கும் என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதை நீ பார், நல்ல முடிவோடு அடுத்த சித்திரையில் வா, ஆராய்ச்சி உதவித்தொகைக்கு உன் பெயரைக் கமிட்டியில் நானே சொல்கிறேன் என்று பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். உதவியாளன் வேலையை வேறு ஒருவனுக்குக் கொடுத்தாயிற்று. ஆகவே கல்லூரிக்குத் திரும்பிப் போக அவனுக்கு இருந்த ஒரே வழி அந்தக் குழாய்தான்.

மாடுகளை வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டு மாட்டுச் சாளையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தோம். தரையைக் கெட்டித்து, சுவருக்கு வெள்ளையடித்து, கட்டிலும் மேசையும் போட்டேன். நோய்க்காரன் தனியாக இருப்பதும் நல்லதுதான் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம். யாரும் சொல்லவில்லை. தட்டும் டம்ளரும் அவனாகவே தனியாக வைத்துக்கொண்டான்.

அம்மாவுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே மனசு ஒப்பவில்லை. அந்தச் சித்திரையில் பிறந்தது தாது வருஷம். அறுபது வருஷத்துக்கு முந்தைய தாதுவில் ஊரே பஞ்சத்தில் செத்ததைத் தன் மாமியார் வாயால் கேட்டுக் கேட்டுப் பயந்தவள் அவள்.

"இந்த வருஷம் போவட்டும் சாமி. ஈசுவர பொறக்கட்டும். தாதுல தொட்டது ஒண்ணும் தொலங்காது" என்றாள்.

"ஈசுவர பொறக்கறதுக்குள்ள முடிக்கோணும்மா. அப்பத்தான் கமிட்டி கூடுது."

"கமிட்டிக்குப் பஞ்சாங்கம் கெடையாதாமா?"

"அவுங்களுக்கு இங்கிலீசுப் பஞ்சாங்கங்க."

அம்மா சிரித்துவிட்டாள். அவன் பேசினால் அவளுக்குச் சிரிப்பு வரும். நான் பேசினால் வராது.

தீபாவளிக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும் இட்லிச் சட்டி அந்த வருஷம் முழுக்கச் சாளையில்தான் இருந்தது. அதில் மருந்துப் புட்டிகளை அடுக்கி ஆவியில் வேக வைப்பான், வேறு கிருமி இல்லாமல் இருக்க. எங்கள் காட்டுப் பஞ்சாலேயே அடைப்புச் செய்வான். தீனிக்கு வெல்லத் தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், மரவள்ளிக் கஞ்சி எல்லாம் வைத்துப் பார்த்தான். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து வடித்த தண்ணீரோடு வெல்லம் சேர்த்தால் நன்றாகத் தழைக்கிறது என்று ஆவணியில் கண்டான். வளர்ந்ததைக் கழுவி, மணலோடு அரைத்து, சாராயத்தில் ஊறவைப்பான். நிறம் சாராயத்தில் இறங்கும். மருந்துக்கடையில் வாங்கும் சுத்தச் சாராயம் அது. அதற்காக மாதம் ஒருமுறை நான் நாமக்கல் போவேன். இறங்கிய நிறத்தைக் கண்ணாடியில் ஊற்றி, வெயிலில் பிடித்து, முந்தைய புட்டியோடு ஒப்பிடுவான்.

"ஒரு தடவைக்கு ஒண்ணத்தானுங்ணா மாத்தோணும். ரெண்டு மாத்துனா எதனால வந்துச்சுன்னு தெரியாமப் போயிரும்" என்பான். பக்கத்தில் யார் நின்றாலும் இதைச் சொல்வான். பால் கொண்டுவரும் என் மனைவிக்குக்கூட அது மனப்பாடம்.

காற்றுப் பட்டால் சிவப்புக் கூடுகிறது என்று தெரிந்ததும் புட்டிகளை ஆட்டிக்கொண்டே இருக்க வழி தேடினான். என் கடைசிப் பெண் தூளியை விட்டு இறங்கியிருந்த சமயம். அந்தச் சேலைத் தூளியைச் சாளை விட்டத்தில் கட்டி, புட்டிகளை வைக்கோலுக்குள் பொதிந்து அதில் படுக்க வைத்தான். கட்டிலில் படுத்தபடி கயிற்றை இழுப்பான்.

என் மனைவி பார்த்துவிட்டு, "ஏனுங் கொழுந்தனாரே, கண்ணாலம் பண்ணாமயே தொட்டில் கட்டிப்போட்டீங்களே!" என்றாள்.

"என்ன பண்றதுங் நங்கே, பொண்ணு குடுக்கறவங்க இருமலக் கேட்டுப்போட்டு ஓடிப்போறாங்க."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த ஐப்பசியில் நிஜமாகவே ராசிபுரத்துப் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் வந்து, தின்பண்டத்தைக்கூடத் தொடாமல் எழுந்து போயிருந்தார்கள்.

மார்கழிக் குளிரில் எல்லாம் கெட்டது. புட்டிக்குப் புட்டி பச்சைப் பூசணமும் கறுப்புப் பூசணமும் பிடித்தன. பஞ்சை எடுத்தாலே வீச்சம். ஒருநாள் பத்துப் பன்னிரண்டு புட்டிகளைக் குப்பைக்குழியில் கவிழ்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தான். அம்மா அதைத் தூரத்தில் நின்று பார்த்தாள். கிட்டப் போகவில்லை.

அப்போதுதான் அவனுக்குப் பானை யோசனை வந்தது. புட்டியில் வாய் வழியாக மட்டும் காற்று. மேல்பூச்சு இல்லாத மண்பானை சுற்றிலும் மூச்சு விடும். நீர் கசிந்து உள்ளே குளிர்ச்சியாகவும் இருக்கும். பொங்கல் கழிந்து, 1937 தை மாதத்தில், குயவரிடம் சொல்லிக் குறுகிய வாய் வைத்துச் சின்னப் பானைகள் செய்து வாங்கினோம். பொங்கல் பானைக்குப் பிசைந்து மிஞ்சிய மண்ணில் செய்து சுட்டவை. கொதிநீர் விட்டுக் கழுவி வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தான். அவன் உடம்பு அப்போது கொதிநீர் அண்டாவைத் தூக்கும் நிலையில் இல்லை.

அந்தப் பானைகளில் ஒன்றில்கூடப் பூசணம் பிடிக்கவில்லை. மாசியில் அரைத்துச் சாராயத்தில் இறக்கியபோது, அதுவரை புட்டிகளில் கண்டிராத அடர்த்தி. முன்பு வெளிறிய ரோஜாவாக வந்தது இப்போது ஆரஞ்சும் மஞ்சளுமாகத் தகதகத்தது. அவன் என்னைக் காட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினான்.

"மஞ்சச் சாய்வு அடிக்குதே தம்பி" என்றேன்.

"குளுமையில அப்பிடித்தான் ஆகும்னு நெனைக்கறங்ணா. சூட்டுல செவப்பு, குளுமையில மஞ்ச. பானை குளுமைதான? காத்தும் பானைலதான் அதிகம். ரெண்டும் சேந்துருக்குது." அவன் புட்டியை மேசையில் வைத்தான். "ரெண்டு மாறியிருக்குதுன்னு தெரியும். ஆனா நேரமில்லீங்களே."

மூன்று முறை திருப்பிச் செய்தான். அதே பானைகளில், மூன்று முறையும் நல்ல நிறம், முறைக்கு முறை கொஞ்சம் குறைந்து. ஈஸ்ட் களைத்துவிட்டது என்று நினைத்தான். முதல் முறை எடுத்ததைப் புட்டியில் அடைத்து, மெழுகால் மூடினான்.

ஈசுவர வருஷம் பிறந்த இரண்டாம் வாரம் நானும் அவனும் சென்னைக்கு ரயிலேறினோம். தனியாக விட அம்மாவுக்கு மனமில்லை. எனக்கும்தான். கல்லூரியில் அந்தக் கூடத்தின் வாசல் பெஞ்சில் என்னை உட்காரச் சொன்னார்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் பேராசிரியர், ஒல்லியான, கண்ணாடி போட்ட தஞ்சாவூர்க்காரர். அவர் பக்கத்தில் கமிட்டிக்கு வந்திருந்த இன்னொரு கல்லூரிக்காரர், பருமனானவர்.

பேராசிரியர் புட்டியை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நன்னா இருக்கே! பானையிலேயா? பேஷ்" என்றார். தம்பி நின்றுகொண்டே குளிர்ச்சியையும் காற்றையும் பற்றிச் சொன்னான். இருமல் வரும்போது மட்டும் திரும்பி நின்றுகொண்டான். அவர் தலையாட்டிக்கொண்டே ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, வழக்கமான சோதனைதான் என்று சொல்லி, அதில் சோடா உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டார்.

கிண்ணம் ரத்தச் சிவப்பாக மாறியது.

வாசலில் இருந்த எனக்கே தெரிந்தது. நம் வீடுகளில் புதுப்பெண்ணை வாசலில் நிறுத்தி மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துச் சுற்றுகிறோமே, அந்த ஆலத்தின் நிறம். ஈஸ்ட்டின் நிறம் சோடாவுக்கு மாறாது என்று தம்பி பலமுறை சொல்லியிருக்கிறான். மாறுவது மஞ்சள்.

அந்தப் பருமனானவர், "சேலம் ஜில்லாவிலே மஞ்சள் நல்ல விளைச்சலோ?" என்றார். இரண்டு மூன்று மாணவர்கள் சிரித்தார்கள். தம்பி பேராசிரியரைப் பார்த்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். என் மாணவன் அப்படிச் செய்பவன் இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நான் கலக்கலை சார்" என்றான் தம்பி. அவ்வளவுதான். புட்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தான்.

சேலத்தில் இறங்கி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, "பானைலதானுங்ணா. முறைக்கு முறை கொறைஞ்சுதே. அப்பவே நான் யோசிச்சிருக்கோணும்" என்றான்.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டான்.

"பானைய எப்பிடிம்மா கழுவுனீங்க?"

"நீ சொன்னாப்பலதான் கண்ணு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி."

"அதுக்கு முன்னால?"

அம்மாவுக்கு வெட்கம் போல ஒரு சிரிப்பு வந்தது. "கண்டுபுடிச்சுப்போட்டியா? தாது வருஷமாச்சே சாமி. வெறும் பானைய எப்பிடி உங்கையில குடுக்கறது? பச்ச மஞ்சள அரைச்சு உள்ளயும் வெளியயும் அப்பி, ரெண்டு நாள் வெயில்ல வெச்சு, மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டு, பொறவு நீ வெய்வீன்னு தேச்சுத் தேச்சுக் கழுவிப்போட்டேன். பாரு, அதுக்கப்பறம் ஒரு பூசணம் புடிச்சுதா?"

ஊறிய மண் உள்ளே வாங்கிக்கொண்டதைக் கழுவ முடியாது. சாராயம் ஊற்றினால் அது வெளியே வரும். எனக்கே புரிந்தபோது அவனுக்குப் புரியாமல் இருக்குமா?

"புடிக்கலீங்கம்மா. நல்லாப் பண்ணுனீங்க" என்றான்.

"அப்பறம் என்ன சொன்னாங்க அவுங்க?"

"எடுத்துக்கலீங்கம்மா. வேற பையனுக்குக் குடுத்துப்போட்டாங்க."

மறுநாள் காலையில் சாளைக்குப் போனேன். அவன் பானைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நடந்ததைப் பேராசிரியருக்கு எழுதச் சொன்னேன்.

"என்னன்னுங்ணா எழுதறது? எங்கம்மா பானைக்கு மஞ்சப் பூசிப்போட்டாங்கன்னா? சிரிச்சது பத்தாதுங்களா? சுத்தமா ஒரு தடவ செஞ்சு முடிச்சு, புட்டியக் கொண்டுபோய் மேசைல வெச்சுத்தான் பேசோணும்."

"அம்மாகிட்ட?"

"சொல்லிப்போடாதீங்க." அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நான் இருந்தாலுஞ் சரி, இல்லாட்டியுஞ் சரி. அவுங்க கையால கெட்டுதுன்னு அவுங்களுக்குத் தெரியக் கூடாதுங்ணா."

வைகாசி, ஆனி இரண்டு மாதமும் காய்ச்சலில் போயிற்று. ஆடியில் எழுந்து, புதுப்பானைகளுக்குக் குயவரிடம் தானே நடந்து போனான். இந்த முறை கழுவுவதைத் தானே செய்தான். அண்டாவை நான் தூக்கிக் கொடுத்தேன். அம்மாவுக்கு அது வருத்தம். "எங்கை ராசி ஆவலையாட்டம் இருக்குது" என்று என் மனைவியிடம் சொன்னாளாம். புரட்டாசியில் சிவப்பு நன்றாகத் தழைத்தது. பானை விளிம்பில் பவழ வளையம் போலப் படர்ந்திருந்ததை நான் பார்த்தேன். அரைத்து நிறம் இறக்கச் சாராயம் வேண்டும். அந்த மாதம்தான் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடைகள் மூடின, பெண்கள் கோயிலில் பொங்கல் வைத்தார்கள், நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் நாமக்கல் மருந்துக்கடைக்காரர், "இப்பப் போயி அதக் கேக்கறீங்களே, எங்கையில வெலங்கு மாட்டவா?" என்றார். அனுமதிக்கு மனுப் போட்டோம். அதிகாரி வந்து சாளையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். யாரும் வரவில்லை.

கார்த்திகையில் அவன் ரத்தம் கக்கினான். மார்கழி பிறந்த ஐந்தாம் நாள் விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் போய்விட்டான். வயது இருபத்தாறு. நோய்க்கு அஞ்சிச் சாளையில் இருந்த எல்லாவற்றையும் எரித்தோம், பானைகளை உடைத்தோம், சுண்ணாம்பு அடித்தோம். அந்தப் பானைகளில் எவ்வளவு நிறம் இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. குளிர்ச்சியில் வளர்த்தால் சிவப்பு ஈஸ்ட் மஞ்சள் பக்கம் சாயும் என்று பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். அவன் யோசித்தது முழுவதும் பிழை அல்ல. படித்த அன்று அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

அம்மா பேராசிரியரைச் சபிக்கத் தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்த கதையில், மகன் கஷ்டப்பட்டுக் கொண்டுபோனதை அந்த மனிதர் பொறாமையில் தள்ளிவிட்டார், அந்த ஏக்கத்தில்தான் மகன் போனான். பெயர் தெரியாததால் 'அந்தக் கண்ணாடிக்காரன்' என்பாள். கண்ணாடி போட்டவர் என்று நான்தான் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கதையை மறுக்க வேண்டுமென்றால் இன்னொரு கதையைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாது.

1940 வைகாசியில் ஒரு கார்டு வந்தது. நாமக்கல்லில் ஒரு கல்யாணம், வழியில் உங்கள் வீட்டுக்கு வந்துபோக விரும்புகிறேன் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். தம்பி இறந்தது அவருக்கு அப்போதுதான் யார் மூலமோ தெரிந்திருக்கிறது. புதுச்சத்திரத்தில் பஸ்ஸில் இறங்கியவரை வீட்டுக்கு நடத்திக் கூட்டி வந்தேன். நல்ல வெயில். வழியில் பானையின் கதையைச் சொல்லி முடித்தேன். அவர் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே" என்றார்.

"அவன் புட்டியோட வரணும்னு இருந்தானுங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. தெரியவுங் கூடாதுங்க."

அவர் மறுபடி நடக்கத் தொடங்கினார்.

வீட்டு முற்றத்தில் அம்மா புளி தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பகையாளி வந்தாலும் அந்த ஒரு சொல் சொல்லிவிடுவார்கள்.

"நீங்கதானுங்களா அது?" என்றாள்.

"நான்தாம்மா."

"எம்பையன் கொண்டாந்ததுல என்னங்க கொறை?"

நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். அவர் கையால் என்னைத் தடுத்தார்.

"அவன்கிட்ட ஒரு குறையும் இல்லைம்மா. நாலு பேர் முன்னால நான் அவனுக்காகப் பேசியிருக்கணும். பேசலை. தப்பு என்னோடது."

"அவன் கொண்டாந்தது நெசந்தானுங்களே?"

"நிஜம்தாம்மா."

அம்மா கையில் ஒட்டிய புளியை உதறினாள். "அத அன்னைக்கே அவங்கிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பானுங்களே" என்றாள். அழவில்லை. உள்ளே போய்விட்டாள்.

என் மனைவி சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடை வரைக்கும் வந்தாள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "அதக் கீழ வெய்யி." என் மனைவி சொம்போடு அப்படியே நின்றாள். பேராசிரியர் அவளைப் பார்த்து, "வேண்டாம்மா, பஸ்ஸுக்கு நாழியாச்சு" என்று சொல்லித் திரும்பினார். பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் புளியமரத்தடியில் காத்திருந்தோம். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவருடைய உதடு வெடித்திருந்தது. பஸ் வந்ததும் ஏறி, என் பக்கம் இல்லாத சன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

அன்று மாலை அம்மா வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஆறு வருஷம் இருந்தாள். சந்தைக்குப் போனாலும் சாவு வீட்டுக்குப் போனாலும், பெரிய வாத்தியாரே ஊடு தேடி வந்து, தப்பு என்னுதுன்னு ஒத்துக்கிட்டுப் போனதைச் சொல்வாள். கேட்டவர்கள் அந்த மனிதரைத் திட்டுவார்கள். நான் பக்கத்தில் இருந்தால் என் முகத்தைப் பார்த்து, "அப்பிடியுங்களா?" என்பார்கள்.

அப்படித்தான் என்பேன்.